தங்கத்துக்கு மேல் முலாம்

சின்னவள் வேலை பார்க்கும் பட்டறையில் ஜன்னலோரத்து மேஜைக்கு ஒரே ஒரு விதிதான். அதன்மேல் விளக்கு போடக் கூடாது. தங்கத்தின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அதுவும் சாம்பல் நிற அட்டையின் மேல் வைத்து. நகைக்கடைக்காரர்கள் சிவப்பு வெல்வெட்டையும் மஞ்சள் பல்பையும் வைத்துக்கொண்டு வருகிறவர் தலையிலெல்லாம் மிளகாய் அரைப்பார்கள். இந்த மேஜையில் அந்தப் பாச்சா பலிக்காது. விதியைப் போட்டவள் சின்னவள். அவள் வேலைக்கு வருவதற்கு முன்னால் அந்த மேஜையில் சாப்பாட்டு டப்பாக்கள்தான் இருந்தன.

அவள்தான் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. உலோகம் பற்றிய படிப்பு. "படிச்சு முடிச்சு இரும்புக் கடையா வைக்கப் போறே?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. படித்து முடித்தாள். தங்கத்தோடு எதை எவ்வளவு சேர்த்து உருக்கினால் எந்த நிறம் வரும் என்று பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ கலப்படம் பண்றதுக்கா டிகிரி?" என்றார்கள். அன்றிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

தன் கல்யாணம் நிச்சயமானதும் அக்கா சங்கிலிக்கு நிறம் பார்க்கப் பட்டறைக்கு வந்தாள். பெரியவள் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். வேலை உடுப்போடேயே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, "சீக்கிரம் காட்டுடி, ஷிஃப்ட் இருக்கு" என்றாள்.

சின்னவள் நான்கு சின்னப் பட்டைகளை அட்டையின் மேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அகலம்.

"நாலும் தங்கம். நாலுலயும் தங்கம் ஒரே அளவு, நாலுல மூணு பங்கு. மிச்சம் ஒரு பங்குல என்ன சேர்த்திருக்கேன்ங்கிறதுதான் வித்தியாசம். செம்பும் வெள்ளியும் சரிபாதி போட்டா மஞ்சள். செம்பை ஏத்தினா சிவப்பு. பலேடியம் போட்டா வெள்ளை. வெறும் வெள்ளி மட்டும் போட்டா இது."

"இது என்ன நிறம்?"

"பச்சைன்னு சொல்வோம். இலைப் பச்சை இல்லை. நீயே பாரு."

அக்கா ஒவ்வொரு பட்டையாக எடுத்து மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்து, "இது எல்லார் கழுத்துலயும் இருக்கு" என்றாள். சிவப்பைப் பார்த்து, "கரண்ட் கம்பியை உரிச்ச மாதிரி இருக்கு" என்றாள். வெள்ளையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஸ்பூன்" என்று ஒரே வார்த்தையில் தள்ளி வைத்தாள். நான்காவதை வைத்ததும் கையை ஜன்னலுக்கு நேராக நீட்டினாள்.

"பழுக்கப் போற எலுமிச்சை மாதிரி இருக்குடி."

"பிடிச்சிருக்கா?"

"இதான். இதுல செய்."

"அம்மா குதிப்பாங்க."

"அம்மாவா கழுத்துல போட்டுக்கப் போறாங்க?"

சின்னவள் தானே எடை போட்டு, தானே மூசையில் வைத்து உருக்கினாள். வெள்ளி மட்டும் சேர்ந்த தங்கம் கொஞ்சம் மென்மை என்பதால் கண்ணிகளைத் தடிமனாக வைக்கச் சொல்லி, சங்கிலி செய்கிறவரின் பக்கத்திலேயே நின்று பிராணனை வாங்கினாள். கொக்கியில் நாலில் மூன்று பங்கு என்று சொல்லும் முத்திரையையும், பட்டறையின் முத்திரையையும் அவளே அடித்தாள். வீட்டுக்குக் கொண்டு போய் அம்மா கையில் கொடுத்தபோது அம்மா பார்த்த பார்வையை மட்டும் அவள் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கூத்து எதுவும் நடந்திருக்காது.

மாப்பிள்ளை வீட்டில் பெரிய தலை என்றால் அது அவருடைய அத்தைதான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். அடகுக்கடை நடத்துகிறார். மற்ற பெண்கள் கைப்பையில் சீப்பு வைத்திருப்பதுபோல அவர் உரைகல் வைத்திருப்பார். அதனால் தெரிந்தவர்கள் மத்தியில் அவருக்கு உரைகல் அத்தை என்றே பேர். கல்யாணம் நெருங்கியதும் ஒரு மத்தியானம் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து, கூடத்தில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொண்ணைப் பார்த்தாச்சு, பிடிச்சாச்சு. நகையையும் ஒரு கண்ணு பார்த்துட்டா மனசு நிம்மதி. தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி, தொழில் புத்தி."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?" என்று அம்மா சிரித்த சிரிப்பு அவள் முகத்துக்கு இரண்டு அளவு பெரிதாக இருந்தது.

அம்மா அலமாரியைத் திறந்து ரோஸ் காகிதத்தில் பொதிந்த சங்கிலியை எடுத்து வந்து அத்தையின் மடியில் வைத்தாள். காகிதம் பிரிந்தது. ரோஸ் காகிதத்தில் வைத்தால் எந்தத் தங்கமும் சிவந்துதான் தெரியும். அதற்காகத்தானே கடைக்காரர்கள் அதில் மடித்துக் கொடுக்கிறார்கள்! அதனால் சின்னவளுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அத்தை சங்கிலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தபோதுதான் தெரிந்தது.

சங்கிலி சிவப்பாக இருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டாள். இருவர் கண்ணும் ஒருமுறை முட்டிக்கொண்டன. பிறகு இருவரும் ஒன்றாக அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அதை மாட்டியதுபோல அவ்வளவு அக்கறையாக.

அத்தை கைப்பையிலிருந்து கல்லை எடுத்தார். கறுப்பாக, வழவழவென்று, சோப்புக்கட்டி அளவில். ஒரு கண்ணியைப் பிடித்து லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். கல்லில் சிவந்த கோடு விழுந்தது.

"நல்ல நிறம்" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் அடகுக்கடைக்காரர் யாரும் ஒரு உரசலோடு விட மாட்டார்கள். கை தானாகவே அதே கண்ணியை அதே இடத்தில் வைத்து, இந்த முறை அழுத்தி இழுத்தது. சிவப்புக் கோட்டின் பக்கத்திலேயே வெளிறிய, இளம்பச்சை ஓடிய கோடு ஒன்று விழுந்தது.

அத்தை கல்லை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கல்லை மடியில் வைத்தார். சங்கிலியைக் காகிதத்தில் வைத்தார்.

"மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு. இது முலாம்."

"அத்தை, விடுங்களேன்" என்றார் மாப்பிள்ளை.

"நீ சும்மா இருடா. நகை வேணும்னு நாங்க கேட்டமா? ஒண்ணும் போட வேண்டாம்னு சொல்லியிருந்தா வெறுங்கழுத்தோட கூட்டிட்டுப் போயிருப்பேன். ஆனா முலாம் பூசினதைக் கொண்டு வந்து மடியில வச்சு காதுல பூ சுத்தினா? முதல் நாளே ஏமாத்துற வீட்டுல எப்படிப்பா பொண்ணு எடுக்கிறது?"

அக்காவின் கல்யாணம் அந்தக் காகிதத்தின் மேல் கிடந்தது. அதோடு சின்னவள் கையால் அடித்த முத்திரையும். இனிமேல் அந்தப் பட்டறை முத்திரையை யார் பார்த்தாலும், ஓ, முலாம் பூசுகிறவள் அடித்ததா என்பார்கள். அவள் படித்த படிப்பு, பார்த்த வேலை, போட்ட சண்டை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே உரசலில் தேய்த்தாயிற்று. வேறு யாராவது இருந்தால் அழுதிருப்பார்கள். சின்னவளுக்கு அழுகை வராது. காது சிவக்கும்.

"முலாம்தான்" என்றாள்.

அத்தையே திடுக்கிட்டுப் போனார். இப்படி யாரும் ஒத்துக்கொண்டு அவர் பார்த்ததில்லை.

"முலாம்தான் அத்தை, நீங்க பார்த்தது சரி. ஆனா மேல பூசினதும் தங்கம், உள்ள இருக்கிறதும் தங்கம்."

"என்னம்மா சொல்றே? தங்கத்துக்கு மேல எவனாவது தங்க முலாம் போடுவானா? சட்டைக்கு மேல அதே சட்டையைப் போட்டுக்கிற மாதிரி! பைத்தியக்காரங்க கூடச் செய்ய மாட்டாங்க."

"எங்க வீட்ல ஒருத்தங்க செஞ்சிருக்காங்க." சின்னவள் திரும்பினாள். "அம்மா, நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அம்மா மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தாள். "பித்தளை மாதிரி இருந்துச்சுடி" என்றாள். குரல் எழும்பவேயில்லை. "பழைய பித்தளை மாதிரி வெளிறிப் போய்... அதைப் பார்த்துட்டு இவங்க என்ன நினைப்பாங்க? அப்பா இல்லாத வீடு, ஏமாத்திட்டாங்கன்னு நாலு பேர் சொல்ல மாட்டாங்களா? அதான் தெருக்கோடியில முலாம் கடையில குடுத்தேன். நல்லா சிவப்பா ஒரு முக்கு முக்கிக் குடுப்பான்னு..."

"தங்கம்னு நான் சொன்னேன். உன் பொண்ணு நான் சொன்னேன். அதை நம்பாம முலாம் கடைக்காரனை நம்பினியா?"

"உன்னை நம்பாம இல்லைடி. பார்க்கிறவங்க கண்ணை நம்பல."

"கதை நல்லாத்தான் இருக்கு" என்று அத்தை கைப்பையை மூடினார். "உள்ள விழுந்த கோடு எந்தத் தங்கக் கோடு மாதிரியும் இல்லை. நான் கண்ணை மூடிக்கிட்டு உரசிப் பார்க்கிறவ."

"கண்ணைத் திறந்துட்டுப் பாருங்க. உங்க கடைக்கே போவோம். உங்க கல்லு, உங்க ஆசிட், உங்க கை. நான் தொடக்கூட மாட்டேன்."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். எதிராளியின் வீட்டிலேயே பரீட்சை வைக்கச் சொல்கிறவளை என்ன செய்வது?

"இதுல தோத்துட்டா?"

"தோத்தா சங்கிலியை உங்க கடை வாசல்லயே போட்டுட்டுப் போறேன். அப்புறம் கல்யாணத்தைப் பத்தி உங்க இஷ்டம்."

"அடியே!" என்றாள் அம்மா.

"வா, போகலாம்" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அடகுக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. விடுமுறை நாள், ஷட்டர் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை குனிந்து ஒரே இழுப்பில் தூக்கினார். உள்ளே ஒரு நீளக் கவுன்டர், அதன்மேல் கம்பி வலை, வலைக்குள் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அத்தை வலைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததும் ஆளே மாறிவிட்டார். சம்பந்தி, உறவு எல்லாம் வெளியே நின்றது. உள்ளே கண்ணாடியும் இரண்டு கையும் மட்டும்.

முதலில் கல்லைத் துடைத்தார். அடுத்து மரச் சட்டத்திலிருந்து உரசி ஒத்துப் பார்க்கும் கம்பிகளில் ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் தெரிந்த தரத்துத் தங்கம் ஒட்டியிருக்கும். அதன் கோட்டையும் நகையின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நிறம் பார்ப்பது வழக்கம். கூடத்தில் அழுத்தி உரசிய அதே கண்ணியை எடுத்துப் போட்டார். கம்பியின் கோடு செக்கச்செவேலென்று இருந்தது, சங்கிலியின் கோடு வெளிறி இருந்தது.

"ஒட்டவே இல்லை பாரு."

"ஒட்டாது. உங்க கம்பி எல்லாமே செம்பு சேர்த்தது. இதுல செம்பே கிடையாது, வெறும் வெள்ளி. சிவப்பா இருக்கிற கம்பியை வச்சு இதை அளந்தா எப்பவும் குறைவாத்தான் தெரியும். நிறத்தை விடுங்க. ஆசிட்டை விட்டுப் பாருங்க."

அத்தை சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துச் சங்கிலியின் கோட்டின் மேல் ஒரு சொட்டு விட்டார். எல்லோரும் வலையில் முகத்தை ஒட்டினார்கள். கோடு மெல்ல மங்கியது. அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போச்சா?" என்றார் அத்தை.

சின்னவள் புட்டியைப் பார்த்தாள், கோட்டைப் பார்க்கவில்லை. "மூடியில என்ன நம்பர் போட்டிருக்கு?"

அத்தை புட்டியைத் திருப்பினார். "இருபத்திரெண்டு."

"நாங்க இருபத்திரெண்டுன்னு எப்போ சொன்னோம்? கொக்கியில முத்திரை இருக்கு, படிங்க. இருபத்திநாலு காரட்ல பதினெட்டு. நாலுல மூணு பங்குன்னுதானே அடிச்சிருக்கேன்? மூணு பங்கு நாலு பங்கா இல்லைன்னு தேர்வு வச்சு என்ன பிரயோஜனம்?"

"தினமும் வர்றது இருபத்திரெண்டுதான். கை அதைத்தான் எடுக்குது" என்று அத்தை முணுமுணுத்தார். கொக்கியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் படித்தார். கல்லை மறுபடி துடைத்தார். இந்த முறை எதையும் யார் வாயிலிருந்தும் கேட்கவில்லை. சங்கிலியால் ஒரு கோடு. தன்னுடைய பதினெட்டு கம்பியால் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு பித்தளை ஆணியால் ஒரு கோடு. பதினெட்டு என்று எழுதிய புட்டியைத் திறந்து, மூன்று கோட்டின் மேலும் குறுக்காக ஒரே இழுப்பில் ஆசிட்டைத் தடவினார்.

பித்தளைக் கோடு கொதித்து, பச்சையாகி, இருந்த இடம் தெரியாமல் போனது. மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்று சிவப்பாக, ஒன்று பச்சையாக. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அப்படியே.

சின்னவள் சொல்ல வேண்டியதை ஆசிட் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு இதில் ஆச்சரியமும் இல்லை. எடை போட்டவள் அவள். உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்.

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மன்னிப்பு கேட்கும் வழக்கமெல்லாம் அவரிடம் இல்லை.

"இந்த நிறத்துக்கு எங்கிட்ட கம்பி இல்லை" என்றார்.

"தெரியும்."

"யாராவது இதைக் கொண்டு வந்து அடகு வைக்கக் கேட்டிருந்தா, போடா பித்தளைன்னு விரட்டியிருப்பேன்."

"அதுவும் தெரியும்."

"வாயைப் பாரு இவளுக்கு" என்று அத்தை மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். குரலில் கோபத்தைவிட மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. "சரி. தங்கம். நான் ஒத்துக்கிறேன். ஏமாத்துற வீடுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு. கல்யாணத்தன்னைக்கு இந்தச் சிவப்பு அப்படியே இருக்கட்டும். வர்றவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் ஆசிட் பாட்டில் இருக்காது."

"அதைத்தானே நானும் சொன்னேன்!" என்று அம்மா உயிர் பெற்று எழுந்தாள். "சம்பந்தி சொல்றதுதான் நியாயம்."

சின்னவளுக்குக் காது மறுபடி சூடானது. வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா வலையின் ஓட்டைக்குள் கையை விட்டுச் சங்கிலியை எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, நான் ரெண்டு டன் பெட்டியைத் தலைக்கு மேல தூக்கி அடுக்குறேன். கீழ ஆளுங்க நடந்து போய்க்கிட்டேதான் இருக்காங்க. இந்தப் பெட்டியை இங்க வைன்னு நான் முடிவு பண்ணினா அதை அத்தனை பேரும் நம்புறாங்க. என் கழுத்துல கிடக்கிற சங்கிலி என்ன நிறம்னு முடிவு பண்ண எனக்குத் தெரியாதா?" குரலை உயர்த்தவே இல்லை. கிடங்கிலும் அவள் உயர்த்துவதில்லை, ஹாரன் இருக்கிறது. "நாலு நிறமும் பார்த்தேன். பகல் வெளிச்சத்துல, என் கையில வச்சுப் பார்த்தேன். இதைத் தேர்ந்தெடுத்தேன். வர்றவங்க கேட்டா பச்சைத் தங்கம்னு சொல்றேன். நம்பலைன்னா உங்க கடைக்கு அனுப்பி வைக்கிறேன்."

"என் கடைக்கா?"

"நீங்கதானே உரசிப் பார்த்தது. உங்களைவிட யார் சொன்னா நம்புவாங்க?"

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. தன் பேரை வைத்தே தன்னைச் சாட்சியாக நிறுத்திவிட்டாள் என்று புரிந்ததும் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். "அக்காவாவது ஊமைன்னு நினைச்சேன். ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்லை."

"நகை துடைக்கிற துணி இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

இருந்தது. மெருகு மாவும் இருந்தது. முலாம் கடைக்காரன் சும்மா ஒரு முக்கு முக்கியிருந்ததால் பூச்சு வெங்காயச் சருகைவிட மெலிதாகத்தான் இருந்தது. அக்கா ஒரு முனையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள், சின்னவள் மறுமுனையிலிருந்து. துணியில் சிவப்பு இறங்க இறங்கக் கண்ணிகள் ஒவ்வொன்றாக அந்த இளம்பச்சை மஞ்சளில் வெளியே வந்தன. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"உனக்கு எது பிடிச்சிருக்குடா?" என்றார் அத்தை.

"எனக்கு எல்லாமே தங்கமாத்தான் தெரியுது."

"உன்கிட்ட கேட்டேன் பாரு!"

அம்மா மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தாங்கவில்லை.

"இப்பவும் சொல்றேன். எனக்குச் சிவப்புதான் பிடிச்சிருக்கு."

சின்னவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பிடிக்கட்டும். யாரு வேண்டாம்னா? சிவப்பு பிடிக்கும்னு ஆயிரம் தடவை சொல்லு. உனக்கு ஒரு சிவப்பு மோதிரம் நானே உருக்கித் தர்றேன். பச்சை மட்டம்னு மட்டும் சொல்லாதே."

அம்மா யோசித்தாள். "மட்டம்னு சொல்லல."

"அவ்வளவுதான்."

"அழகா இல்லைன்னு சொல்றேன்."

முதலில் சிரித்தது அத்தைதான். அக்கா சங்கிலியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்து கொக்கியை மாட்டினாள். மாட்டிவிட்டு, "இந்தக் கொக்கியையாவது சிவப்பா விட்டு வைங்கடி, என் கண்ணுக்காக" என்றாள்.

"விட மாட்டேன்" என்று சின்னவள் துணியை எடுத்துக்கொண்டு அக்காவின் பின்கழுத்துப் பக்கம் வந்தாள். "அக்கா, அசையாம நில்லு."